பள்ளம் எந்தப் பக்கம்?

திரையில் தெரிந்த பள்ளம் மறுபடியும் வலப்பக்கம் நகரத் தொடங்கியது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். நில்லு, தயவுசெய்து நில்லு என்று மனத்துக்குள் கெஞ்சினாள். அது காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெயிலில் நிழல் நகர்வதுபோல அவசரமில்லாமல் ஓரத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது.

வாய்விட்டுத் திட்டவும் வழியில்லை. அந்த அறையில் மேசைக்கு அருகில் யாரும் பேசக் கூடாது. மேசைமேல், ஒரு கண்ணாடி மூடிக்குள், தலைமுடியின் தடிமனே உள்ள ஓர் உருண்டை தன் காம்பில் நின்றுகொண்டிருந்தது. பேசினால் வாயின் சூடு அதைத் தொட்டுவிடும், கணக்கு கெட்டுவிடும். அதனால் அங்கே வேலை செய்பவர்கள் எல்லாம் கையாலும் புருவத்தாலுமே பேசப் பழகியிருந்தார்கள்.

வாசலில் ஒரு கனைப்புச் சத்தம். ஆய்வுக்கூடத்தின் தலைவர். உள்ளே வந்தால் பேசாமல் இருக்க வேண்டும் என்பதால் அவர் உள்ளே வருவதே இல்லை. கதவில் சாய்ந்தபடியே எல்லாவற்றையும் நடத்திவிடுவார். அவருக்கு 'கதவு சார்' என்று பெயர் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அது அவருக்கும் தெரியும்.

"எந்தப் பக்கம்?" என்றார்.

அவள் வலது கையைத் தூக்கினாள்.

"போன தடவை?"

இடது கையைத் தூக்கினாள்.

"அதுக்கு முன்னாடி?"

மறுபடி வலது கை. அந்நேரம் யாராவது பார்த்திருந்தால் போக்குவரத்துப் போலீஸ் பயிற்சி என்று நினைத்திருப்பார்கள்.

"கொஞ்சம் வெளியில வாங்கம்மா" என்றார் கதவு சார்.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் 'கண்ணாடி'. மூக்கின் மேல் இருப்பதால் வந்த பெயர் அல்ல. உலையில் உருக்குவதால் வந்தது. சாதாரணக் கண்ணாடியைவிடக் குறைந்த சூட்டில் இளகுகிற, வெளிச்சத்தை இன்னும் இறுக்கமாகப் பிடித்துவைத்துக்கொள்கிற ஒரு புதுக் கண்ணாடியை அவளே கலந்து, உருக்கி, இழையாக இழுத்திருந்தாள். அந்த இழையின் நுனியை லேசர் சூட்டில் காட்டினால், அது இளகித் தானே உருண்டுகொள்ளும், குழாய் நுனியில் நீர்த்துளி உருள்வதுபோல. அதுதான் உருண்டை.

அந்த உருண்டைக்குள் வெளிச்சத்தை அனுப்பினால் அது வெளியே வராது. வட்டமான பெரிய மண்டபத்தில் சுவரோடு ஒட்டி ஒருவர் முணுமுணுத்தால், அந்தக் குரல் சுவரைப் பிடித்துக்கொண்டே ஓடி எதிர்ப்பக்கம் நிற்பவர் காதில் விழும் அல்லவா, அப்படி வெளிச்சம் உருண்டையின் உள்விளிம்பைப் பிடித்துக்கொண்டு லட்சக்கணக்கான முறை சுற்றும். ஆனால் எல்லா நிறமும் சுற்றாது. தனக்குப் பொருந்துகிற ஒரு நிறத்தை மட்டும் உருண்டை பிடித்து விழுங்கும். அப்போது திரையில் ஓடும் நேர்கோட்டில் ஒரு பள்ளம் விழும். அந்த உருண்டையின்மேல் நோயின் ஒரு சின்னத் துணுக்கு வந்து ஒட்டினால்கூடப் பள்ளம் துளி நகரும். ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து நோயை முளையிலேயே கண்டுபிடித்துவிடலாம். வீடு வீடாகப் போகிற நர்ஸ் ஒருவர் பையில் போட்டுக்கொண்டு போகிற அளவுக்குச் சின்னக் கருவி. அதுதான் திட்டம்.

சிக்கல் ஒன்றுதான். நர்ஸ் வெயிலிலும் நடப்பார், நிழலிலும் நிற்பார். சூடு ஏறினாலே கண்ணாடி உருண்டையின் பள்ளம் வலப்பக்கம் ஓடிவிடும். நோயால் நகர்ந்ததா, வெயிலால் நகர்ந்ததா என்று யாருக்குத் தெரியும்?

அதற்குத்தான் பாலிமர். ரப்பர்போல மெத்தென்று இருக்கும் ஒரு தெளிவான பூச்சு. சூடு ஏறினால் அது பள்ளத்தை இடப்பக்கம் இழுக்கும். உருண்டையின்மேல் சரியான தடிமனில் பூசிவிட்டால், கண்ணாடி வலப்பக்கம் இழுக்க, பாலிமர் இடப்பக்கம் இழுக்க, பள்ளம் நடுவில் அசையாமல் நிற்கும். நிற்க வேண்டும். நின்றபாடில்லை.

"இங்க பாருங்கம்மா" என்றார் கதவு சார், தாழ்வாரத்தில் ஜன்னலைப் பார்த்தபடி. "ஒரே பக்கமா ஓடினாக்கூட மேலதிகாரிங்ககிட்ட ஏதாவது சொல்லலாம். உங்க உருண்டை ஊஞ்சல் ஆடுது. கண்ணாடியிலதான் கோளாறுன்னு எல்லாரும் சொல்றாங்க."

"கண்ணாடியில கோளாறு இல்ல சார்."

"அப்ப எதுல?"

பதில் அவளிடம் இருந்தது. அதைச் சொல்ல முடியாத இடத்தில் அவள் இருந்தாள்.

"வியாழக்கிழமை கடைசி" என்றார் அவர். "அதுவும் ஓடிச்சுன்னா முழுக்க பாலிமர்லயே உருண்டை பண்ணிக்கலாம்னு முடிவு. வெளிச்சம் அதுல சீக்கிரம் செத்துப்போகுது, தெரியும். ஆனா அச்சுல ஊத்தி எடுத்துடலாம், எப்பவும் ஒரே மாதிரி வரும். இங்க உலையைப் பிரிச்சுடுவோம். கிளையில உலை இருக்கு, ஆள் இல்லை. உங்களை அங்கதான் அனுப்பியாகணும்."

கிளை என்பது ரயிலில் ஓர் இரவும் மறுநாள் பாதியும் போய்ச் சேர வேண்டிய ஊர். அவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. கணவனோ, நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்டுகளைக் கவனிக்கும் மெக்கானிக். இடம் மாறினால் அந்த வேலை போய்விடும்.

"சரி சார்" என்றாள்.

அவர் போனதும் தாழ்வாரத்தின் மறுமுனையில் ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. 'பசை'.

பாலிமர் பூசுகிறவளுக்குப் பெயர் பசை. கண்ணாடியும் பசையும் ஒரே வாரத்தில் வேலையில் சேர்ந்தவர்கள். அந்த நாட்களில் இருவரும் போடுகிற சண்டை மூன்று மாடிக்குக் கேட்கும். "உன் பூச்சு எருமைத் தோல் மாதிரி இருக்குடி" என்பாள் இவள். "உன் உருண்டை முதல்ல உருண்டையா இருக்கான்னு பாருடி, உருளைக்கிழங்கு" என்பாள் அவள். பத்து நிமிடம் கழித்து இருவரும் ஒரே டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் பசை ஒரு வேலை செய்தாள். தன் அண்ணனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில், "நம்ம கண்ணாடி இருக்காளே" என்று வீட்டில் போட்டு உடைத்தாள். கல்யாணம் நடந்தது. ஒரே நாளில் கண்ணாடி 'அண்ணி' ஆனாள். பசை நாத்தனார் ஆனாள். 'டி' போய் 'ங்க' வந்தது.

ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே ஆய்வுக்கூடம். எங்கே போனாலும் மரியாதை கூடவே வந்தது. "பூச்சு எப்படி இருக்குங்க அண்ணி?" "நல்லா இருக்கும்மா." "உருண்டை?" "அளவுக்குள்ளதான்மா இருக்கு." உருண்டைக்கு ஓர் அளவு வரம்பு உண்டு, பூச்சுக்கும் ஒரு வரம்பு உண்டு. வரம்புக்குள் இருந்தால் பெட்டியில் ஒரு சரி போட்டு அடுத்தவரிடம் தள்ளிவிட வேண்டியது. மேற்கொண்டு கேட்டால் சோதனை போடுவதுபோல் ஆகிவிடும். நாத்தனாரைச் சோதனை போடுகிற அண்ணியாக இருக்க அவளுக்கு மனமில்லை.

அன்று மாலை சமையலறை வாசலில் வழக்கமான கூத்து நடந்தது. கண்ணாடி தட்டோடு வெளியே வர, பசை தண்ணீர்ச் சொம்போடு உள்ளே போக, இருவரும் எதிரெதிரே நின்றார்கள்.

"நீங்க போங்க அண்ணி" என்று பசை ஒருபக்கம் ஒதுங்கினாள்.

"இல்லம்மா, நீ போ" என்று கண்ணாடியும் அதே பக்கம் ஒதுங்கினாள்.

இருவரும் மறுபக்கம் ஒதுங்கினார்கள். சேர்ந்தேதான். மறுபடி இந்தப் பக்கம். தட்டும் சொம்பும் இடித்துக்கொண்டன.

"அடடா, ரெண்டு மகாராணிங்க!" என்றான் கணவன், சாப்பாட்டு மேசையிலிருந்து. "ஊர்ல நாத்தனார்னா டிவி சீரியல் மாதிரி முடியைப் பிடிச்சுக்குவாங்க. எங்க வீட்டுல மரியாதை பண்ணிப் பண்ணியே பசியில சாகடிக்கிறாங்க. வாண்டு, நீயே போய் சாப்பாட்டை எடுத்துட்டு வா."

"வரமாட்டேன்" என்றது வாண்டு, மேசைக்கடியில் இருந்து.

சாப்பிடும்போது ஆபீஸ் பேச்சு கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். கல்யாணமான புதிதில் இரண்டு பெண்களும் உருண்டை உருண்டை என்றே பேசிக்கொண்டிருந்ததில், தனக்குக் குழம்பு ஊற்ற ஆளில்லை என்று அவன் போட்ட சட்டம். ஆக, ஆய்வுக்கூடத்தில் மேசைக்குப் பக்கத்தில் பேசக் கூடாது. வீட்டில் மேசைக்கு மேல் பேசக் கூடாது. அன்றும் யாரும் வியாழக்கிழமையைப் பற்றிப் பேசவில்லை. பசை மட்டும் அண்ணியின் முகத்தை அடிக்கடி பார்த்தாள்.

குழந்தை தூங்கிய பிறகுதான் கணவனிடம் சொன்னாள்.

"அங்க மாடிக் கட்டடம் இருக்கா?" என்றான் அவன்.

"விளையாடாதீங்க."

"விளையாடல. மாடி இருந்தா லிஃப்ட் இருக்கும். லிஃப்ட் இருந்தா கெட்டுப்போகும். நானும் ஏதாவது பண்ணிக்குவேன்." ஆனால் குரல் அவன் சொன்னதை நம்பவில்லை. "தங்கச்சிகிட்ட சொன்னியா?"

"அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?"

"நீ சொன்னியான்னு கேட்டேன்."

அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எப்படிச் சொல்வது? அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. ஆரம்பத்தில் வந்த உருண்டை இடப்பக்கம் ஓடியபோதே, பூச்சு தடித்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பாலிமர் அதிகமானால்தான் இடப்பக்கம் ஓடும். பழைய நாளாக இருந்தால் எருமைத் தோல் என்று கத்தியிருப்பாள். இப்போது கத்தவில்லை. சத்தமில்லாமல் அடுத்த உருண்டையைக் கொஞ்சம் பெரிதாகச் செய்தாள். வரம்புக்குள்தான். உருண்டை பெரிதானால் வெளிச்சம் கண்ணாடிக்குள்ளேயே இன்னும் ஆழமாகச் சுற்றும். பூச்சின் பங்கு குறையும். நாத்தனார் மனம் நோகாமல் தப்பு சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

அது வலப்பக்கம் ஓடியது. சரி, பெரிதாக்கியது அதிகமாகிவிட்டது என்று அடுத்ததைச் சிறிதாக்கினாள். இடப்பக்கம் ஓடியது. பெரிதாக்கினாள். வலப்பக்கம்.

செவ்வாய்க்கிழமை காலை கடைசி உருண்டையைச் செய்தாள். கையிருப்பில் இருந்த இழை அவ்வளவுதான். புதிதாக உருக்கி இழுக்க வியாழக்கிழமைக்குள் முடியாது. போன தடவை வலப்பக்கம் ஓடியிருந்ததால் இதைக் கொஞ்சம் சிறிதாகவே செய்தாள். இழையின் நுனி லேசரில் சிவந்து, நெளிந்து, சட்டென்று சுருண்டு உருண்டையாகி நின்றது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த நொடி அவளுக்கு அலுக்காது. பெட்டியில் வைத்து, சரி போட்டு, பசையின் மேசைக்குத் தள்ளினாள்.

பசை இடத்தில் இல்லை; பல் டாக்டரைப் பார்த்துவிட்டு மதியம்தான் வருவாள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. தோற்றுப்போன பழைய உருண்டைகள் எல்லாம் ஒரு தட்டில், மூடிகளுக்குள் வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்றை வெட்டிப் பார்த்தால் பூச்சின் தடிமன் தெரிந்துவிடும். இதுவரை பார்த்ததில்லை. வெட்டிப் பார்ப்பது என்றால் பூசியவளை நம்பவில்லை என்று அர்த்தம்.

நாளை மறுநாள் உலை போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள். கைகள் தாமாகவே இரண்டு உருண்டைகளை எடுத்தன, இடப்பக்கம் ஓடியது ஒன்று, வலப்பக்கம் ஓடியது ஒன்று. பிசினில் பதித்து, அது இறுகியதும், பாதி உருண்டை தேயும்வரை நுண்ணிய உப்புத்தாளில் தேய்த்தாள். திருடியைப்போலக் கதவைக் கதவைப் பார்த்துக்கொண்டாள். பிறகு மைக்ரோஸ்கோப் அறைக்குப் போய் இரண்டையும் லென்ஸுக்கடியில் வைத்தாள்.

நடுவில் கண்ணாடி, நிலாபோல. சுற்றி பாலிமர், நிலாவைச் சுற்றிய வளையம்போல. ஒன்றில் வளையம் தடிமனாக இருந்தது. மற்றதில் மெல்லிய கோடாக இருந்தது.

அவள் நிமிர்ந்தாள். காது சூடாகிவிட்டது.

பூச்சின் தடிமன் பசையின் கையில் இருக்கிறது. உருண்டையைப் பாலிமரில் முக்கி மெதுவாக இழுத்தால் மெலிசாக ஒட்டும், வேகமாக இழுத்தால் தடிப்பாக ஒட்டும். அது தற்செயலாக நடக்கிற விஷயமில்லை. யாரோ வேண்டுமென்றே மாற்றினால்தான் மாறும். ஒரு தடவை தடிப்பு, ஒரு தடவை மெலிசு. ஏன்?

முழுக்கப் பாலிமர் உருண்டை வந்தால் திட்டம் யாருடையது ஆகும்?

நினைக்கக் கூடாது என்று நினைத்தாள். நினைத்துவிட்டாள்.

மதியம் ஒரு கன்னம் வீங்கிப்போய் பசை வந்து சேர்ந்தாள். "கொஞ்சம் இங்க வர்றியா?" என்று கண்ணாடி கூப்பிட்ட குரலிலேயே ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பாரு" என்றாள் கண்ணாடி, மைக்ரோஸ்கோப்பைக் காட்டி.

பசை குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். "வெட்டிப் பாத்தீங்களா?" என்றாள் மெல்ல.

"ஆமா. வெட்டித்தான் பாத்தேன். ஏம்மா இப்படிப் பண்ணின? ஒண்ணு தடிச்சு இருக்கு, ஒண்ணு தாள் மாதிரி இருக்கு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? என்னை இங்கேருந்து அனுப்பணும்னா நேராவே சொல்லியிருக்கலாமே!"

பசையின் வீங்காத கன்னமும் சிவந்தது.

"நான் உங்களை அனுப்பணும்னு நினைச்சேனா? நானா? அண்ணனுக்கு உங்களைக் கட்டிவெச்சதே நான்தான்!"

"அப்புறம் இது என்ன?"

"நீங்க..." பசைக்கு வாய் மரத்திருந்ததால் வார்த்தை குழறியது. கோபத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்து மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள், அங்கே பதில் இருப்பதுபோல. அப்படியே நின்றாள். கோபம் போய் குரலில் வேறு ஏதோ வந்தது.

"அண்ணி."

"என்ன?"

"இந்த மெலிசுப் பூச்சுல கண்ணாடி ஏன் இவ்வளவு பெருசா இருக்கு?"

கண்ணாடியும் அருகில் வந்து குனிந்தாள்.

"இதுல பாருங்க, சின்னதா இருக்கு. இது ரெண்டும் ஒரே அளவு இல்ல. நீங்க ஒரே அளவுதானே பண்றீங்க?"

வெட்டுமுகத்தில் உருண்டை, வளையம் இரண்டும்தான் தெரிந்தன. ஆனால் வளையத்தை மட்டும்தான் கண்ணாடி பார்த்திருந்தாள். உருண்டை தன்னுடையது, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டிருந்தாள்.

"வரம்புக்குள்ளதான் இருக்கு" என்றாள். அவளுக்கே அது கேவலமாக ஒலித்தது.

"என் பூச்சும் வரம்புக்குள்ளதான் இருக்கு! நீங்க ஏன் பெருசு பண்ணினீங்க?"

"பள்ளம் இடப்பக்கம் ஓடிச்சு. பூச்சு தடிச்சிருச்சுன்னு தெரிஞ்சுது. உன்கிட்ட எப்படிச் சொல்றது... அதான் உருண்டையைக் கொஞ்சம்..."

"நானும் அதேதானே பண்ணினேன்! தடிச்சுப்போச்சுன்னு எனக்கே தெரிஞ்சுது. அசிங்கமா இருந்துச்சு. உங்ககிட்ட சொல்லாம அடுத்ததுக்கு மெதுவா இழுத்து மெலிசாக்கினேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது வலப்பக்கம் போச்சு" என்றாள் கண்ணாடி.

"மெலிசு அதிகமாயிடுச்சுன்னு மறுபடி தடிப்பாக்கினேன்."

"நான் பெருசு அதிகமாயிடுச்சுன்னு மறுபடி சின்னதாக்கினேன்."

"மறுபடி இடப்பக்கம்."

"மறுபடி..."

கண்ணாடி அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். சமையலறை வாசல் கண்முன் வந்தது, தட்டும் சொம்புமாக. வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ கிளம்பி மேலே வந்தது. சிரிப்பு. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"எத்தனை உருண்டைடி!" என்றாள். "எத்தனை உருண்டையைக் கொன்னிருக்கோம்!"

நாலு வருஷத்துக்குப் பிறகு வந்த 'டி'. பசை அதைக் கேட்டு ஒரு நிமிஷம் திகைத்தாள். பிறகு வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவளும் சிரித்தாள். "சிரிக்க வெக்காதடி, பல்லு வலிக்குது" என்றாள்.

சத்தம் கேட்டுக் கதவு சார் வந்து கதவில் சாய்ந்தார். இரண்டு பேர் அழுதுகொண்டே சிரிப்பதைப் பார்த்துவிட்டு, என்ன கேட்பது என்று தெரியாமல், "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார்.

"நாளன்னிக்கு சொல்றோம் சார்!" என்றார்கள் இருவரும்.

அவர் போனதும்தான் பசைக்கு உறைத்தது. "இன்னிக்குப் பண்ணின உருண்டை?"

"சின்னது" என்றாள் கண்ணாடி, சிரிப்பு அடங்கி. "போன தடவை வலப்பக்கம் ஓடிச்சுன்னு சின்னதாக்கிட்டேன். வேற இழையும் இல்ல."

"நான் தடிப்பா பூசலாம்னு இருந்தேன்."

"பூசியிருந்தா இடப்பக்கம் பறந்திருக்கும்."

"அப்ப மெலிசா பூசறேன். எவ்வளவு மெலிசு?"

அதுதான் கேள்வி. கணக்குப் போட்டுப் பார்க்க, நிலையான அளவுகளோடு செய்த உருண்டை ஒன்றுகூட அவர்களிடம் இல்லை. பசை நகத்தைக் கடிக்கப் போய், பல் வலி நினைவுக்கு வந்து நிறுத்தினாள். கண்ணாடியின் கண் தட்டின்மேல் போனது.

"இவ்வளவு உருண்டை இருக்கே."

"எல்லாம் கெட்டுப்போனதுதானே?"

"கெட்டுப்போனதுதான். ஆனா ஒவ்வொண்ணும் வேற வேற மாதிரி கெட்டுப்போச்சுடி. பெருசு மெலிசு, சின்னது தடிப்பு, நடுவுல சிலது. எது எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் ஓடிச்சுன்னு நமக்குத் தெரியும். எல்லாத்தையும் வெட்டுவோம். ஓடாத இடம் எங்கயோ நடுவுலதான் இருக்கணும்."

வெட்டினார்கள். புதன்கிழமை முழுவதும் பதிப்பதும் தேய்ப்பதும் அளப்பதுமாகப் போனது. அளவுகளை வரைபடத்தில் புள்ளிகளாக வைத்துப் பார்த்தால், இடப்பக்கம் ஓடியவையும் வலப்பக்கம் ஓடியவையும் ஒரு கோட்டின் இரண்டு பக்கங்களில் ஒழுங்காக நின்றன. ஊஞ்சல் ஆடியதாகச் சொன்ன கண்ணாடியில் ஒரு பிசகும் இல்லை; ஒவ்வொரு உருண்டையும் தன் அளவுக்கும் தன் பூச்சுக்கும் எவ்வளவு ஓட வேண்டுமோ அவ்வளவுதான் ஓடியிருந்தது. அந்தக் கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டால் எந்த அளவு உருண்டைக்கு எந்தத் தடிமன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

"இவ்வளவு மெலிசா நான் பூசினதே இல்லடி" என்றாள் பசை, வந்த விடையைப் பார்த்து. "வரம்புக்குக் கீழ போகுது."

"வரம்பு நாம போட்டதுதானே?"

"இழுக்கும்போது கை நடுங்கினா போச்சு. இருக்கறது ஒரே உருண்டை."

"நடுங்காது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. சும்மா தைரியம் சொன்னேன்."

பசை முறைத்தாள். அது பழைய முறைப்பு. பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். உருண்டை பாலிமரில் முங்கியது. இழுக்கும் திருகை அவள் அவ்வளவு மெதுவாகத் திருப்பியதில், உருண்டை வெளியே வருகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கண்ணாடி பக்கத்தில் நின்று தன் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் அழுத்திக்கொண்டாள். உருண்டை மேலே வந்து, அடியில் தொங்கிய துளி மட்டும் ஒரு கணம் தயங்கி, பாத்திரத்திலேயே திரும்ப விழுந்தது. அடுப்புப் பெட்டிக்குள் வைத்துப் பதமாக்கினார்கள்.

வியாழக்கிழமை காலை கதவு சார் கதவில் சாய்ந்து நின்றார். அவருக்குப் பின்னால் மேலிடத்து ஆட்கள் இரண்டு பேர், கையைக் கட்டிக்கொண்டு. உள்ளே யாரும் பேசவில்லை.

மூடிக்குள் உருண்டை நின்றது. இழை வழியாக வெளிச்சம் போனது. திரையில் பள்ளம் விழுந்தது, கூர்மையாக, ஆழமாக. முழுக்கப் பாலிமரில் செய்த எந்த உருண்டையிலும் இத்தனை கூர்மையான பள்ளம் விழுந்ததில்லை. சூட்டைக் கண்ணாடி கொஞ்சம் ஏற்றினாள்.

பள்ளம் இடப்பக்கம் ஒரு மயிரிழை நகர்ந்தது.

பசை அவள் கையைப் பிடித்தாள். இறுக்கிய இறுக்கில் வளையல் கையில் பதிந்தது.

சூடு இன்னும் ஏறியது. குளிர்ந்த அறையிலிருந்து வெயில் தெருவுக்கு வந்த நர்ஸின் பைக்குள் இருக்கும் சூடு. பள்ளம் நின்றது. அப்படியே நின்றது. இன்னும் ஏற்றினாள். மத்தியான வெயிலில் பூட்டி வைத்த வண்டிக்குள் இருக்கும் சூடு. லேசாக வலப்பக்கம் சாய்ந்து, முதலில் இருந்த இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

கத்த வேண்டும்போல் இருந்தது. கத்த முடியாது. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு, ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு, வாசலில் நின்ற மூன்று பேரையும் இடித்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடி, படிக்கட்டுக்குப் போய்க் கத்தினார்கள். மூன்று மாடிக்கும் கேட்டது.

திரும்பி வந்தபோது கதவு சார், தம் வாழ்நாளில் முதல் முறையாக, அறைக்குள்ளே நின்றிருந்தார். திரைக்கு முன்னால் குனிந்து, பேசாமல். பிறகு வெளியே வந்து, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார், ஒரு சம்பிரதாயத்துக்கு.

கண்ணாடி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"ஒரு உருண்டை நின்னா போதாதும்மா" என்றார் அவர். "இன்னும் நிறைய நிக்கணும். வேற ஆளுங்க பண்ணினாலும் நிக்கணும்."

"நிக்கும் சார். எப்படி நிக்கும்னு இப்ப தெரியும். கண்ணாடி உருக்கணும், இழை தீர்ந்துபோச்சு."

அவர் பின்னால் நின்ற இருவரையும் பார்த்தார். அவர்களில் ஒருவர் தோளைக் குலுக்கிவிட்டுச் சிரித்தார்.

"அப்ப உலையை மூட்டுங்க. எதுக்கு நிக்கறீங்க?" என்றார் கதவு சார். "கிளைக்கு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்றேன்."

அன்று இரவுச் சாப்பாட்டில் வீட்டுச் சட்டம் உடைந்தது. உருண்டைகளைத் தவிர வேறு எதையும் யாரும் பேசவில்லை. "சின்ன உருண்டைக்கு இன்னும் மெலிசா போலாம்டி." "உன்னால முடிஞ்சா பாரு." "என்னால முடியாதா? உன் உருளைக்கிழங்கை முதல்ல சரிபண்ணு." கணவன் தட்டை நீட்டிப் பார்த்தான், யாரும் கவனிக்கவில்லை. தானே எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"இதுக்கு அந்த மரியாதையே பரவாயில்லையே" என்றான். ஆனால் மனைவியைப் பார்த்த பார்வையில் குறை ஏதும் இல்லை. அந்த வாரம் முழுவதும் அவன் நெற்றியில் கிடந்த சுருக்கம் காணாமல் போயிருந்தது.

பசை தண்ணீர் எடுக்க எழுந்தாள். கண்ணாடி காலித் தட்டுகளோடு எழுந்தாள். சமையலறை வாசலில் மறுபடி எதிரெதிரே நின்றார்கள்.

"நான் வலப்பக்கம் வரேன். நீ அசையாத" என்றாள் கண்ணாடி.

"வா, வா" என்று பசை அப்படியே நின்றாள்.

மேசைக்கடியிலிருந்து வாண்டு கிளம்பியது. "நான் நடுவுல!" என்று கத்திக்கொண்டே இரண்டு பேர் காலுக்கும் இடையில் புகுந்து சமையலறைக்குள் ஓடியது.